கதாநாயகனுக்கு எப்போதும் முப்பத்திரண்டு வயசு!

காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கைலாசநாதர் கோயில் சிங்கங்கள் வாயைப் பிளந்து கொண்டிருப்பது பல்லவர் காலத்து வீரத்தைக் காட்டத்தான் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். அதுகள் தண்ணீர் கேட்கிற மாதிரிதான் தெரியும்.

அந்த வெயிலில்தான் நான் காதல் நாவல் படிக்கக் கற்றுக்கொண்டேன். பதின்மூன்று வயசில். குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. அதுவும் அக்காவுக்குத் தெரியாமல்.

பிள்ளையார்பாளையம் பக்கம் எங்கள் வீடு. வீடு என்பதைவிட இரண்டு தறி, அதைச் சுற்றிச் சுவர் என்று சொல்வது பொருத்தம். பெரிய பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடினால் எனக்கு லீவு கிடையாது, டிரான்ஸ்ஃபர்தான். கோர்வைக்கு ஆளாக அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கோர்வைப் புடவை தெரியும் இல்லையா? உடல் ஒரு கலர், கரை வேறு கலர். ஒட்டுப்போட்டுத் தைப்பதில்லை, நெய்யும்போதே இழையோடு இழை கோர்க்க வேண்டும். அதற்கு மூன்று நாடா. அத்தனையையும் ஒரே ஆள் வீசி மாள முடியாது என்பதால், ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். சம்பளம் கேட்க மாட்டான், அடித்தால் அம்மாவிடம்தான் போய் அழுவான்.

அக்காவுக்கு அப்போது இருபது வயசு. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் தார் சுற்றிக் கொண்டிருந்தாள். மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும் எனக்கு ஜாடை காட்டுவாள். நான் ஓட வேண்டும். எங்கே? தெருக்கோடி வாடகைப் புத்தகக் கடைக்கு. ஒரு நாளைக்கு ஐம்பது பைசா.

"ராஜேஷ்குமார் வேணாம்டா. கொலை, போலீஸ் எல்லாம் வேணாம். குடும்ப நாவலா வாங்கிட்டு வா. கடைக்காரரு எதுன்னு கேட்டா அக்காவுக்குன்னு சொல்லு, அவருக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும்தான். அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்தப் புத்தகம் என்று, நம்ம ஊர் டாக்டருக்கு யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்று தெரிகிற மாதிரி, மனப்பாடமாக வைத்திருந்தார். ராணிமுத்து, மாலைமதி, கண்மணி என்று அடுக்கடுக்காக இருக்கும். ராணிமுத்து 1969-ல் ஆரம்பித்தது. முதல் நாவல் அகிலன் எழுதியது, விலை ஒரு ரூபாய். அதிலிருந்து மாதம் ஒரு நாவல் என்கிற பழக்கம் தமிழ்நாட்டு அடுக்களைகளில் காப்பிப்பொடி மாதிரி நிரந்தரமாகிவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காதல் வரிசையில் ரமணிசந்திரன்தான் ராணி. நூறு நாவலுக்கு மேல் எழுதியவர். 2008-ல் சென்னையில் ஒரு பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தொகுப்பு போட்டபோது அவர் கதையும் அதில் இடம் பிடித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு புத்தகம் படித்ததும் பதின்மூன்று வயசுப் பையனுக்கே சூத்திரம் பிடிபட்டுவிட்டது.

கதாநாயகிக்கு இருபது, இருபத்தொன்று. ஏழை. ஆனால் ரோஷம் பணக்காரத்தனமாக இருக்கும். கதாநாயகனுக்கு முப்பத்திரண்டு. தொழிலதிபர். என்ன தொழில் என்பது கடைசி வரை தெரியாது. கார் வைத்திருப்பார். சிரிக்க மாட்டார். நாற்பதாம் பக்கம் வரை சிடுசிடுப்பு. எண்பதாம் பக்கத்தில் அவருக்கு ஒரு பழைய சோகம் இருப்பது தெரியும். நூறாவது பக்கத்தில் ஒரு தப்பபிப்பிராயம். கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நூற்றிருபதில் தொழிலதிபர் அவள் வீட்டு வாசலில் நிற்பார். தலை கலைந்திருக்கும். மன்னிப்புக் கேட்பார். சுபம்.

இது ஏதோ நம்ம ஊர் அடுக்களை விவகாரம் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரர்களும் இதே கேஸ்தான். 1815 கடைசியில் வந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் அவளுக்கு 21, அவருக்கு 37. 1847-ல் வந்த 'ஜேன் அயர்' நாயகியைவிட அந்த ரோச்செஸ்டர் துரைக்கு இருபது வயசாவது கூடுதல். நம்ம ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்த 'சாந்தி நிலையம்' (1969) அந்தக் கதையின் சாயலில் வந்ததுதான். ஆஸ்டினின் இன்னொரு நாவலில் கர்னல் பிராண்டனுக்கு 35 வயசு, அவர் ஆசைப்படுகிற பெண்ணுக்குப் பதினேழு. "ஐயோ, கிழவர்! ஃப்ளானல் பனியன் போடுகிற ஆசாமி!" என்று அந்தப் பெண்ணுக்கு அப்படி ஓர் இளக்காரம். அந்தக் கர்னல்தான் 2000-ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் மம்முட்டியாக வந்து நம்மையெல்லாம் கண்கலங்க வைத்தார். லண்டனில் 1908-ல் ஆரம்பித்த மில்ஸ் அண்ட் பூன் கம்பெனி இந்தச் சூத்திரத்தை மூட்டை மூட்டையாக உலகம் முழுக்க ஏற்றுமதியே செய்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஆணுக்கு வயசு கூட என்றால் அது மாத நாவல், கல்யாணத்தில் முடியும். பெண்ணுக்கு வயசு கூட என்றால் அது இலக்கியம், கல்யாணத்தில் முடியாது! தி. ஜானகிராமனின் 'மோக முள்'ளில் யமுனா பாபுவைவிடப் பத்து வயசு பெரியவள். பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் பையன் பெரியவளைக் காதலிப்பான், அவன் அப்பா அவள் பெண்ணைக் காதலிப்பார். படம் முடியும்போது ஒரு ஜோடியும் சேராது. கூடுதல் வயசு யார் பக்கம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கிளைமாக்ஸ்!

ஆனால் நம்ம தாத்தா பாட்டி காலத்தில் வயசு வித்தியாசம் என்பது ரொமான்ஸ் இல்லை, பயம். 1897-ல் பாரதியாருக்குக் கல்யாணம் ஆனபோது செல்லம்மாவுக்கு ஏழு வயசு, மாப்பிள்ளைக்கே பதினாலுதான். அவர்களாவது இரண்டு பேரும் குழந்தைகள். நாற்பது, ஐம்பது வயசு மாப்பிள்ளைக்குச் சின்னப் பெண்ணைத் தள்ளிவிடுகிற கொடுமை ஊருக்கு ஊர் இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான 'சேவாசதனம்' (1938) அதைத்தான் காட்டியது. 1929-ல் சாரதா சட்டம் வந்து பெண்ணுக்குப் பதினாலு வயசாவது ஆக வேண்டும் என்றது. பதினெட்டாக உயர 1978 ஆயிற்று.

எங்கள் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு சரித்திர சம்பந்தம் உண்டு. 1949 ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தபோது அவருக்கு எழுபதை எட்டுகிற வயசு, அம்மையாருக்கு 29. பொருந்தா மணத்தை எதிர்த்து மேடை மேடையாகப் பேசிய இயக்கமே இதைச் செய்யலாமா என்று எங்கள் காஞ்சிபுரத்து அண்ணாவும் அவர் தோழர்களும் வருந்தினார்கள். இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும், அதற்கான ஏற்பாடுதான் இது என்றது பெரியார் தரப்பு. செப்டம்பர் 17-ம் தேதி தி.மு.க. பிறந்தது. பிரிவுக்கு அது மட்டும்தான் காரணமா என்று இன்றைக்கும் வாதாடுவார்கள். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. வயசு வித்தியாசம் எங்கள் ஊரில் திண்ணைப் பேச்சாக மட்டும் நின்றதில்லை என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் நிற்கவில்லை.

1993 மே மாதம். வைகாசி கருட சேவைக்கு ஊர் களைகட்டிக் கொண்டிருந்த நேரம். தரகர் ஒரு வரன் கொண்டு வந்தார். ஜரிகை, பட்டு வியாபாரம். சொந்தமாகப் பன்னிரண்டு தறி. வயசு 34. அப்பாவுக்கு அந்த வகையில் கொஞ்சம் கடன் பாக்கி இருந்தது. "சம்பந்தம்னு ஆயிட்டா கணக்குப் பாக்கறதெல்லாம் இருக்காது" என்று தரகர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார். தெருவே வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டு அத்தை அக்கா கன்னத்தைக் கிள்ளி, "இன்னாடி, நீ படிக்கற கதையில வர்ற மாதிரியே வந்திருக்கு" என்றாள்.

எனக்கும் அதேதான் தோன்றியது. ஏழைப் பெண், சரி. ரோஷம், சரி. தொழிலதிபர், சரி. வயசு முப்பத்திரண்டுக்கு இரண்டு கூட, பரவாயில்லை. அத்தோடு ஒரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தரகர் என்னைத் தனியாக அழைத்து, "அக்காவுக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லு. கல்யாணம் ஆனா மாமா உனக்கு சைக்கிள் வாங்கித் தருவாரு" என்றிருந்தார். சிவப்பு சைக்கிள்!

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அக்காவிடம் வக்காலத்து வாங்கினேன்.

"ஒத்துக்கோக்கா. ஆரம்பத்துல சிடுசிடுன்னுதான் இருப்பாரு. கடைசியில நல்லவராத்தான் இருப்பாரு."

"உனக்கு யாருடா சொன்னது?"

"உன் புக்குலதான் எல்லாத்துலயும் அப்படி வருதே!"

படித்த குட்டு உடைந்துவிட்டது. அடி விழும் என்று முதுகைக் குனிந்துகொண்டேன். அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"கதையில அவன் மனசுல இன்னா இருக்குன்னு எண்பதாம் பக்கத்துல எழுதியிருப்பாங்கடா. இங்க யாரு எழுதுவாங்க?"

எனக்கு அப்போது புரியவில்லை. சைக்கிள்தான் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், பொய் சொல்லக் கூடாது. தறிகளைச் சுற்றி வந்து, பாவு எந்தச் சாயம், கரைக்கு எத்தனை மார்க் ஜரிகை என்று ஆர்வமாக விசாரித்தார். பஜ்ஜி சாப்பிட்டார். கடைசியில் அவர் அக்கா, ஒரு மரியாதைக்காக, "பொண்ணு ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார்.

கேட்கக் கூடாது என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். ஊர் உலகத்துக்கே தெரியும். எங்கள் அக்காவுக்குத் தெரியவில்லை.

"எனக்கு எத்தனை வயசுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள், நேராக அவரைப் பார்த்து.

அவர் திரும்பித் தரகரைப் பார்த்தார்.

அவ்வளவுதான். அந்த ஒரு பார்வை. தரகர் அவசரமாக, "இருபது, போன தை மாசத்துக்கு இருபது" என்றார். எங்கள் வீட்டுத் தறியில் ஜரிகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன மனிதருக்கு அவள் வயசு தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கவும் இல்லை.

அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அம்மா அழுதாள். சித்தப்பா, "புக்கு படிச்சுக் கெட்டுப்போன கழுதை" என்று கத்தி, அலமாரி மேலிருந்த வாடகைப் புத்தகத்தை வாசலில் வீசினார். (அதற்கு நஷ்டஈடு நான்தான் கடைக்காரரிடம் கட்டினேன், ஒன்றே முக்கால் ரூபாய்.) அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்திருந்தபோது நான் சைக்கிள் ஞாபகத்தில் கரை நாடாவைத் தப்பாகத் தள்ளிவிட்டேன். இழை கோர்க்காமல் விட்டுப் போயிற்று. அப்பா கையை நிறுத்தினார்.

"எத்தனை வேற வேற கலரா இருந்தாலும் கரை உடம்போட சேரும்டா. ஆனா நான் வீசறப்ப நீ பாத்துக்கினு இருக்கணும், நீ வீசறப்ப நான் பாக்கணும். ஒருத்தன் பராக்குப் பாத்தா வுட்டுப்பூடும்" என்றார்.

எனக்குச் சொன்னாரா, பின்னால் தார் சுற்றிக்கொண்டிருந்த அக்காவுக்குச் சொன்னாரா, தெரியாது. அன்று சாயந்திரம் தரகரிடம் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கடனை அடைக்க இரண்டு தறியில் ஒன்றை விற்றோம். ஜூன் மாதம் நான் பள்ளிக்கூடம் போனதும் என் கோர்வை இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். ஐந்து வருஷம் உட்கார்ந்தாள். பிறகு நாலு வயசு மூத்த, கணக்கெழுதுகிற ஒரு மாமாவைக் கட்டிக்கொண்டாள். அவர் சிடுசிடுப்பவர் இல்லை. கார் கிடையாது. எனக்கு அவரும் சைக்கிள் வாங்கித் தரவில்லை.

ஆனால் பாருங்கள், இத்தனைக்குப் பிறகும் அக்கா அந்த நாவல்களை விடவில்லை! அதே முப்பத்திரண்டு வயசு சிடுமூஞ்சிதான். நிஜத்தில் வேண்டாம் என்றதைக் கதையில் மட்டும் ஏன் விடாமல் படிக்கிறாள்? எனக்கு வெகுநாள் குழப்பம். 1984-ல் ஜானிஸ் ராட்வே என்கிற அமெரிக்கப் பேராசிரியை இதையே ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். அங்கே ஒரு ஊரில், காதல் நாவல் படிக்கிற குடும்பப் பெண்களைக் கூப்பிட்டு வைத்து, ஏனம்மா படிக்கிறீர்கள் என்று கேட்டார். அவர்களில் பலர் கதாநாயகனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சொன்னது, "புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த நேரம் எனக்கு" என்பதுதான். சோறு, துணி, குழந்தை என்று யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம்.

காஞ்சிபுரத்து மத்தியானமும் அதுதானே? அப்பா தூங்குகிற அந்த ஒரு மணி நேரம்தான் அக்காவுக்குச் சொந்தம்.

இன்னொன்றும் எனக்கு மெதுவாகப் புரிந்தது. அந்தக் கதைகளின் ருசி வயசில் இல்லை சார். எல்லா விதத்திலும் பெரிய மனுஷன் ஒருத்தன், பணத்தில், வயசில், குரலில் பெரியவன், ஒரு சின்னப் பெண் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத் தவிக்கிறான் பாருங்கள், அதில் இருக்கிறது. நூற்றிருபது பக்கமும் அவள் 'மாட்டேன்' என்று சொல்லலாம். அவன் காத்திருப்பான். கடைசியில் அவன்தான் வாசலில் வந்து நிற்பான். வெளியில் எத்தனை பெண்களுக்கு ஒரே ஒரு பக்கத்துக்காவது அந்தச் சலுகை கிடைத்தது? வித்தியாசம் எவ்வளவு பெரிசோ, அவன் இறங்கி வருகிற தூரமும் அவ்வளவு பெரிசு. அதற்காகத்தான் எழுதுகிறவர்கள் அவனை அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள்.

இது ஆபீஸ் போகிற தம்பிமார்களுக்கு. 'செட்டில் ஆகிவிட்டுத்தான் கல்யாணம்' என்று முப்பதைத் தாண்டி நிற்கிறவர்கள் முக்கியமாகக் கேளுங்கள். வயசு ஏறினால் நாமும் நாவல் ஹீரோ ஆகிவிடுவோம் என்று ஒரு நினைப்பு வரும். எனக்கும் வந்தது. 2012-ல் எனக்கு முப்பத்திரண்டு. கரெக்டான வயசு! அகலமான நெற்றி என்று கதைகளில் வர்ணிப்பார்கள். எனக்கும் இருந்தது, பின்கழுத்து வரைக்கும். தொழிலதிபர் இல்லை, கிளார்க்குதான். தினம் செங்கல்பட்டு வழியாக ரயிலில் சென்னைக்குப் போய் வருகிற ஜாதி. சிடுசிடுப்பு தானாகவே வந்துவிட்டது.

பெண் பார்க்கப் போனோம். அக்காவும் வந்தாள். வழியிலேயே, "அவளுக்கு இருபத்தி நாலு. மார்ச்சுல பொறந்தவ. பி.காம். மறந்துட்டு என் மூஞ்சியப் பாத்தின்னா அங்கயே அறைவேன்" என்று எச்சரித்திருந்தாள்.

தனியாகப் பேசச் சொன்னார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்களைவிட எனக்கு எட்டு வயசு கூட. அது உங்களுக்குச் சரியான்னு வீட்ல யாராவது உங்களைக் கேட்டாங்களா?" என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நீங்க கதைப் புத்தகம் படிப்பீங்களா?" என்றாள்.

"எங்க அக்கா வாங்கற காதல் நாவல் எல்லாம் படிச்சிருக்கேன்."

சிரித்துவிட்டாள். "அப்ப நூறு பக்கம் திமிரா இருந்துட்டுக் கடைசியில வந்து மன்னிப்புக் கேப்பீங்க?"

"வேணாங்க. மன்னிப்பை இப்பவே கேட்டுடறேன். திமிரைத் தவணை முறையில வெச்சுக்கலாம்."

பதில் சொல்ல அவள் பத்து நாள் எடுத்துக்கொண்டாள். அந்தப் பத்து நாளில்தான் அந்த நாவல்களில் வருகிற தொழிலதிபர்கள் ஏன் தலை கலைந்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. (எனக்குக் கலைய அவ்வளவாக இல்லை என்பது வேறு விஷயம்.) கல்யாணம் ஆயிற்று. தவணையைத் தவறாமல் இரண்டு பேருமே கட்டி வருகிறோம்.

அக்காவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வாடகைக் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். அக்கா போனிலேயே நாவல் படிக்கிறாள். போன கத்திரியில் நாங்கள் எல்லாரும் ஊரில் கூடியிருந்தபோது, அவள் மகள் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்.

"இன்னாம்மா இது! அவனுக்கு முப்பத்தஞ்சு, அவளுக்கு இருபத்தொண்ணு. அவளோட முதலாளி வேற. படிக்கவே அசிங்கமா இல்ல?"

மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆபீஸில் நிஜமாக ஒரு முதலாளி அந்த நாவலில் வருகிற மாதிரி நடந்துகொண்டால் புகார்தான் கொடுக்க வேண்டும்; சுபம் போடக் கூடாது.

அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அமைதியாகச் சொன்னாள்: "புடிக்கலன்னா மூடி வெச்சுடலாம் இல்ல? அந்த ஒரு சவுகரியத்துக்குத்தாண்டி படிக்கறது. வந்து உக்காந்தவன மூடி வெக்கறதுக்கு எனக்கு ஒரு தறி செலவாச்சு."

யாரும் பேசவில்லை. வெளியே வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அப்பாவின் பழைய குழித்தறி இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருக்கிறோம். அங்கேதான் பாய் போட்டுப் படுத்திருந்தேன். மெதுவாகக் கண் செருகிற்று.

"தம்பி!" என்று அக்கா ஜாடை காட்டினாள்.

"இன்னாக்கா?"

"தொண்ணூறாம் பக்கத்துல நிக்குது. நெட்டு தீந்துபூச்சு. ஓடிப்போயி ரீசார்ஜ் பண்ணிட்டு வாடா."

ஓடினேன். முப்பது வருஷ சர்வீஸ். இன்னும் அதே ஐம்பது பைசா வேலைதான், இன்கிரிமென்ட் கிடையாது!